பதினோரு கை

மாரிசெல்வியின் கை சும்மா இருக்காது. அவளுக்கு வரமும் அதுதான், வம்பும் அதுதான்.

ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில், கடைசி மேடையில் அவளுக்கு டச்-அப் வேலை. பெயின்ட் அடித்துக் காய்ந்த வண்டிக்கூடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வரும். தூசி உட்கார்ந்த இடம், பெயின்ட் வழிந்த இடம் எல்லாவற்றையும் முந்தின மேடைக்காரர்கள் வட்டம் போட்டு அனுப்பியிருப்பார்கள். இவள் நகத்தளவு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நாலு தேய் தேய்ப்பாள். பாலிஷ் வைத்துத் துணியால் ஒரு சுழற்று. குறை எங்கே இருந்தது என்று வட்டம் போட்டவனே திரும்பி வந்து தேடினாலும் கிடைக்காது. எட்டு வருஷமாக இதைச் செய்கிறாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியின் புடவையில் நூல் பிரிந்திருந்தால்கூட இவள் கை தானாக அங்கே போய்விடும். இரண்டு முறை திட்டு வாங்கியிருக்கிறாள்.

அப்படிப்பட்டவளிடம் படம் கற்றுக்கொள்ளப் பதினோரு பேர் வந்து உட்கார்ந்தால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது.

மாரிசெல்விக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம். வயது முப்பத்திமூன்று. ஓவியத்தில் ஹையர் கிரேடு தேர்வு எழுதிப் பாஸ் செய்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் வேலைக்குக் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய், இந்தக் கம்பெனியில் சேர்ந்து, சுங்குவார்சத்திரத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் பெட்டியை வைத்தவள். அந்த ஹாஸ்டலில் சமைப்பவர் கிளியம்மாள். பக்கத்துக் கிராமத்துக்காரர், ஐம்பத்துநாலு வயது. ஒரு நாள் மாரிசெல்வி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சாம்பார் வாளியைப் பேஸ்டல் என்கிற கலர்க்குச்சியால் வரைந்துகொண்டிருந்தாள். கிளியம்மாள் கரண்டியோடு வந்து பின்னால் நின்றார்.

"இன்னா கண்ணு, சாக்பீஸ்ல வாளிய அப்பிடியே இட்டாந்து வெச்சுட்ட? எனுக்கு வருமா இது?"

"வராம எங்கக்கா போகும்? உக்காருங்க."

வகுப்பு பிறந்தது அப்படித்தான். விஷயம் பரவி, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் செந்தமிழன் வந்தார். உதிரி பாகக் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கும் ஜெபகுமார், கையில் ஸ்கேலும் நோட்டுமாக வந்தார். இன்னும் எட்டுப் பேர் சேர்ந்தார்கள். எல்லாருமே முப்பதைத் தாண்டியவர்கள், பாதிப் பேர் டீச்சரைவிட மூத்தவர்கள். ஹாஸ்டலுக்குள் ஆண்கள் வர முடியாது என்பதால், பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு டியூஷன் சென்டரின் மாடியை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிடித்தார்கள்.

வகுப்பு பிரமாதமாக நடப்பதாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். ஒரு வருஷம் கழித்து, சென்னையில் ஓர் ஓவியர் சங்கம் நடத்தும் கண்காட்சிக்குப் பதினோரு பேரும் ஆளுக்கொரு படம் அனுப்பினார்கள். வேலை பார்த்துக்கொண்டே வரையக் கற்கும் பெரியவர்களுக்கான கண்காட்சி அது. எல்லாரும் வரைந்தது ஒரே பித்தளைச் சொம்பு. பளபளவென்று இருந்தன படங்கள்.

மூன்றாம் வாரம் கட்டு அப்படியே திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம். பதினொன்றும் ஒரே கையால் வரையப்பட்டவை, ஆசிரியர் தம் படங்களை மாணவர் பெயரில் அனுப்ப வேண்டாம் என்று இரண்டே வரி. ஜெபகுமார்தான் உரக்க வாசித்தார். வாசித்து முடித்ததும் மாடியில் ஒரே கூச்சல்.

"நம்மள டுபாக்கூர்னு எழுதிக்கீறாங்க டீச்சர்!" செந்தமிழன் எழுந்தே விட்டார். "வாங்க, நேராப் போயி ஒரு வார்த்த கேட்டுக்கினு வருவோம்."

"ஒரே கையாமே! அப்போ நாங்கள்லாம் இன்னா, கை இல்லாதவங்களா?" என்றார் கிளியம்மாள்.

மாரிசெல்வி கட்டைப் பிரித்துப் பதினோரு படங்களையும் தரையில் வரிசையாகப் பரப்பினாள். பதினோரு சொம்பு. பதினொன்றிலும் வெளிச்சம் ஒரே இடத்தில், ஒரே அளவில் விழுந்திருந்தது. கழுத்தின் வளைவு ஒன்று. நிழலின் ஓரம் கரைகிற விதம் ஒன்று. அந்தக் கரைசல் தன் கட்டைவிரலுடையது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? ஒவ்வொரு ஞாயிறும் வகுப்பு முடிகிற நேரத்தில், "இங்க லேசா ஒரு டச்" என்று சொல்லி ஒவ்வொருவர் தாளிலும் கை வைத்தவள் அவள்தானே. குறையோடு ஒரு வண்டியை அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை. படத்தையும் அப்படித்தான் அனுப்பியிருக்கிறாள். அவமானத்தில் காது மடல் வரைக்கும் சுட்டது.

"அவுக மேல கோவப்படாதீகண்ணே" என்றாள். "எழுதினது நெசந்தான்."

கூச்சல் நின்றது.

"கொஞ்சம் டச்-அப்தானே பண்ணீங்க டீச்சர்? அதுல என்ன?" என்றார் ஜெபகுமார்.

"கொஞ்சமா? கிளியக்கா, இந்தப் படத்துல உங்க கை எங்க இருக்குன்னு காட்டுங்க பாப்போம்."

கிளியம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். சொம்பைப் பார்த்தார், நிழலைப் பார்த்தார். வெகு நேரம் தேடினார். கடைசியில் தாளின் கீழ் மூலையில் மங்கலாகப் பதிந்திருந்த ஒரு விரல் தடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இது என்து. பெருவெரலு பட்ட கற. தொடைக்க மறந்துட்ட போல."

அந்தச் சொல் மாரிசெல்வியை அறைந்தது. ஒரு வருஷம் முழுக்கச் சொல்லிக் கொடுத்து, ஒரு மனுஷியின் படத்தில் அவருக்கென்று மிஞ்சியது ஒரு கறை. வைத்தியம் இன்றே தொடங்க வேண்டும் என்று முடிவெடுத்தாள். அன்றைக்கே சங்கத்துக்குப் பதில் எழுதினாள். அடுத்த வருஷம் படங்களை அனுப்ப மாட்டோம், ஆட்கள் வருகிறார்கள், உங்கள் ஹாலில், நீங்கள் வைக்கிற பொருளை, உங்கள் கண் முன்னாலேயே வரைவார்கள், என்னை வெளியே நிறுத்திவிடுங்கள் என்று எழுதினாள். சரி என்று பதில் வந்தது. பதினோரு பேரிடமும் ஒளிக்காமல் சொன்னாள்.

"அங்க சொதப்பினா உங்களுக்கு நான் ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலன்னு அர்த்தம். அப்புறம் இந்தக் கிளாஸ் கிடையாது. மூடிருவேன்."

அடுத்த ஞாயிறு சொம்பு இல்லை. ஹாஸ்டல் அடுப்படியிலிருந்து ஓர் அலுமினியப் பாத்திரம் கொண்டுவந்து வைத்தாள். இருபது வருஷம் அடிபட்ட பாத்திரம். ஒரு பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கியிருக்கும். கரி ஏறிய அடி. வரைய விட்டுவிட்டுத் தள்ளிப் போய் ஜன்னலோரம் நின்றாள். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், பதினோரு தாளிலும் நசுங்கல் இல்லாத, கடையில் வாங்கின புதுப் பாத்திரம்!

"நசுங்கல் எங்க?" என்று கேட்டாள்.

ஜெபகுமார் நிஜமாகவே திகைத்துப் போனார். "டென்ட் இருந்தா ரிஜெக்ட் ஆச்சே டீச்சர். அதான் சரி பண்ணிட்டேன்."

செந்தமிழனும் தலையாட்டினார். "நசுங்கின ஐட்டத்த ஏத்தி அனுப்புனா சூப்பர்வைசர் உசுர வாங்கிடுவான்."

மாரிசெல்வி சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கம்பெனியில் லைனுக்கு மேலே மாதிரி ஒன்று தொங்கும். வருகிற ஒவ்வொரு பொருளும் அந்த மாதிரியோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாதது வெளியே. பத்து வருஷம், பதினைந்து வருஷம் அந்த வேலையைப் பார்த்த கண்கள் இவை. இத்தனை நாளும் அவள் மாதிரிக்கென்று வரைந்து சுவரில் மாட்டிய சொம்புப் படத்தைத்தான் ஒத்துப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். எதிரில் இருந்த சொம்பை ஒருவரும் பார்க்கவே இல்லை. தப்பு அவள் கையில் பாதி, இவர்கள் கண்ணில் பாதி. சுவரில் இருந்த தன் படத்தைக் கழற்றிச் சுருட்டி அலமாரிக்கு மேலே போட்டாள்.

"இனிமே மாதிரி கிடையாது. எதுக்க இருக்கிறதுதான் மாதிரி. நசுங்கி இருந்தா நசுங்கினத வரைங்க. அந்த நசுங்கல் இல்லைன்னா அது நம்ம பாத்திரமே இல்ல."

கண்ணுக்கு வழி கிடைத்தது. ஆனால் அவள் கை? சொன்னால் கேட்கிற கையா அது? அடுத்த வாரமே செந்தமிழன் தாளில் ஒரு கோடு கோணலாகப் போனதைப் பார்த்ததும் கட்டைவிரல் பாதி தூரம் போய்விட்டது. கிளியம்மாள் அதைக் கவனித்துவிட்டார். சட்டென்று தன் பையிலிருந்து ஒரு முறத்தையும் இரண்டு கிலோ சின்ன வெங்காயத்தையும் எடுத்து மாரிசெல்வியின் மடியில் வைத்தார்.

"இந்தா. மத்தியான சாம்பாருக்கு உரிச்சாவணும். வாராவாரம் நான் இதுக்காவ பாதி கிளாஸ்ல எழுந்து ஓடறேன். நீ உரி, நான் வரையறேன். வெங்காயக் கையோட யாரு தாளையும் தொட முடியாது பாரு."

அன்றிலிருந்து அதுவே வகுப்பின் சட்டம். டீச்சர் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண் கலங்கக் கலங்க வெங்காயம் உரிப்பாள். பதினோரு பேரும் சுற்றி உட்கார்ந்து வரைவார்கள். புதிதாக யாராவது மாடி ஏறி வந்து பார்த்திருந்தால் இதைச் சமையல் வகுப்பு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

முதல் ஒரு மாதம் நரகம். கை ஒரு நொடியில் செய்வதை வாயால் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. "இங்க... இது இப்படி வரணும்..." என்று தொடங்கித் திணறுவாள். கோபம் வரும். யார் மேல் என்றுகூடத் தெரியாத கோபம். மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது. பதிலைச் சொல்வதை விட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

செந்தமிழன் வரைகிற பாத்திரம் எப்போதும் தரையில் உட்காராமல் மிதக்கும். அவள் பழைய மாரிசெல்வியாக இருந்தால் அடியில் ஒரு கறுப்பு இழுத்து உட்கார வைத்திருப்பாள். இப்போது வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, இதை ஃபோர்க்லிஃப்ட்ல தூக்குதீகன்னு வையுங்க. வெயிட்டு எங்க இருக்கும்?"

"இதோ, இந்தாண்ட. நசுங்கல் கீற பக்கம்." யோசிக்கக்கூட இல்லை அவர்.

"அப்ப அந்தப் பக்கம் தரைய அமுக்குமா, அமுக்காதா?"

செந்தமிழன் அவளைப் பார்த்தார். பாத்திரத்தைப் பார்த்தார். கறுப்புக் குச்சியை எடுத்து நசுங்கலுக்கு நேர் கீழே அழுத்தி ஒரு கோடு போட்டார். பாத்திரம் தரையில் 'பொத்'தென்று உட்கார்ந்தது. "ஆத்தாடி!" என்று கத்தியவள் மாரிசெல்வி. செந்தமிழனுக்கு ஒரு வாரத்துக்கு அந்தச் சிரிப்பு முகத்தை விட்டுப் போகவில்லை என்று அவரோடு வேலை பார்ப்பவர்கள் சொன்னார்கள்.

ஜெபகுமாரிடமிருந்து ஸ்கேலைப் பிடுங்கவில்லை. "பொருளை அளக்காதீக, பொருளுக்கு நடுவுல இருக்கிற சந்து எவ்வளவுன்னு அளங்க" என்றாள். மனிதருக்கு அது ஒரு புதையல். அவர் படங்களில் வெற்றிடங்கள் அத்தனை கச்சிதமாக வர ஆரம்பித்தன. எல்லாருக்கும் பொதுவான பாடம் ஒன்று இருந்தது. கண்ணைப் பாதி மூடிப் பார், இருட்டு எது வெளிச்சம் எது, மற்றதெல்லாம் அப்புறம். விரலால் தேய்க்காதே, கலரெல்லாம் கலந்து சாம்பல் நிறமாகிவிடும்.

பேஸ்டல் பிடிக்கிற தாள் விலை அதிகம், வழவழத் தாளில் பொடி நிற்காது. அதற்கும் வழி அவளுக்கு வேலையிலிருந்தே கிடைத்தது. ஹார்டுவேர் கடையில் நைசான உப்புத்தாளைக் கட்டாக வாங்கினாள். "இன்னா மேடம், அத்தன கதவா வூட்ல?" என்று கடைக்காரர் கேட்டார். அந்தக் கரும்சாம்பல் சொரசொரப்பில் பேஸ்டல் அப்பிக்கொண்டு நின்றது. குறையைத் தேய்த்து அழிக்கிற தாளின் மேல் இப்போது நசுங்கல்கள் வரையப்பட்டன.

கிளியம்மாள்தான் எல்லாரையும் அசர வைத்தார். முப்பது வருஷம் கரிப் பாத்திரம் தேய்த்தவருக்குக் கறுப்பு என்றால் என்ன என்று தெரிந்திருந்தது. கறுப்புக் குச்சியை அவர் தொடவே மாட்டார். அடர்நீலம், அதன் மேல் அரக்கு, கொஞ்சம் பச்சை. "கரி எங்க கறுப்பா கீது? பாத்தாதான தெரியும்" என்பார். அவர் வரைந்த கரியைத் தொட்டால் விரலில் ஒட்டும் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு தாளிலும் கீழ் மூலையில் அந்தப் பெருவிரல் தடம் விழுந்துவிடும். மாரிசெல்வி அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னொரு வெங்காயத்தை எடுப்பாள்.

கண்காட்சி ஞாயிறு வந்தது. பதினோரு பேருக்கும் ஒரே நாளில் ஷிஃப்ட் இல்லாமல் பார்ப்பதே பெரிய பாடு. செந்தமிழன் ஓவர்டைம் வேலையை விட்டார். ஜெபகுமார் மூன்று பேரோடு ஷிஃப்ட் மாற்றினார். கிளியம்மாள் ஹாஸ்டல் பெண்களிடம், "இன்னிக்கு ஒரு நாளு பிரெட்டத் துன்னுங்கடி" என்று சொல்லிவிட்டு வந்தார். காலையில் பஸ் ஏறினார்கள்.

ஹாலில் சங்கத்தின் பொறுப்பாளர் ஷாரோன் இருந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய, கறாரான பெண்மணி. "போன வருஷம் அந்தக் கடிதத்தை எழுதினது நான்தான்" என்று சொல்லியேதான் கை கொடுத்தார். நடு மேஜையில் ஒரு பொருள் துணியால் மூடியிருந்தது. மாரிசெல்வியை வராந்தாவுக்குப் போகச் சொன்னார். கதவு சாத்தும் முன்னால் துணி விலகியது. பழைய பித்தளை இஸ்திரிப் பெட்டி. கைப்பிடி ஒரு பக்கம் உடைந்து தொங்கியது.

வராந்தாவில் ஒரு பெஞ்ச். மாரிசெல்வி உட்கார்ந்தாள். பையிலிருந்து முறத்தை எடுத்து மடியில் வைத்து, வெங்காயத்தைக் கொட்டினாள். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். உள்ளே என்ன நடக்கிறதோ? உடைந்த கைப்பிடியை ஒட்ட வைத்துவிடுவார்களோ? பயத்தில் பக்கத்தில் இருப்பவர் தாளைப் பார்த்து ஒத்துப்போக வைத்துவிடுவார்களோ? எழுந்து போய்க் கதவு இடுக்கில் பார்க்கலாம். பார்த்தால் கை வைக்கத் தோன்றும். உரித்தாள். இரண்டு மணி நேரத்தில் இரண்டு கிலோவும் தீர்ந்துபோனது.

கதவு திறந்தது. ஷாரோன் உள்ளே கூப்பிட்டார். பதினோரு பேரும் சுவரோரமாக நின்றார்கள், விரலெல்லாம் கலர். மேஜையில் பதினோரு தாளும் கிடந்தன. எல்லாப் பெயர்களும் பின்பக்கம் எழுதப்பட்டிருந்தன.

"நீங்க உள்ளேயே வரலை. எது யாரோடதுன்னு உங்களால சொல்ல முடியுமா?" என்றார் ஷாரோன்.

மாரிசெல்வி குனிந்து பார்த்தாள். பதினோரு இஸ்திரிப் பெட்டி, ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. ஆனால் பதினொன்றிலும் கைப்பிடி உடைந்திருந்தது.

"இது செந்தமிழன் அண்ணன்" என்றாள். "மேஜையே அமுங்குது பாருங்க. இது ஜெபகுமார் சார். உடைஞ்ச கைப்பிடிக்கும் மூடிக்கும் நடுவுல இருக்கிற சந்து, அளந்து வச்சது." ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். ஷாரோன் ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பெயரைப் பார்த்தார். பத்தும் சரி. கடைசித் தாளுக்கு வந்ததும் மாரிசெல்வி இன்னும் நெருங்கிக் குனிந்தாள். இஸ்திரிப் பெட்டியின் வாய்க்குள் கரி, நீலமும் அரக்கும் பச்சையுமாக, தொட்டால் ஒட்டுகிற கரி. "இதைச் சொல்லணுமா மேடம்? இது கிளியக்கா."

பதினொன்றும் சரி. ஷாரோன் கண்ணாடியைக் கழற்றினார். "போன வருஷக் கடிதத்தை நான் திரும்ப வாங்கிக்கிறேன்."

"வேண்டாம் மேடம். நீங்க எழுதினது சரிதான். அது ஒரே கை, என் கை. அதை நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது." பிறகு சுவரோரம் நின்றவர்களைக் காட்டினாள். "இது இவுக கை."

செந்தமிழன் விசிலே அடித்துவிட்டார், ஓவியர் சங்கத்து ஹாலில். ஷாரோன் முறைக்கப் போய்ச் சிரித்துவிட்டார். அன்று சாயங்காலமே நுழைவாசலுக்கு நேர் எதிர்ச் சுவர் முழுவதையும் காலி செய்து, பதினோரு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். மேலே 'சுங்குவார்சத்திரம்' என்று பெரிதாக எழுதி ஒட்டினார்கள். கூட்டம் அந்தச் சுவரை விட்டு நகரவில்லை. கிளியம்மாளைச் சுற்றி நாலைந்து கல்லூரி ஆசிரியர்கள் நின்று, கறுப்பை எப்படிக் கொண்டு வந்தீர்கள் என்று கேட்டார்கள். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பாத்திரம் தேய்ப்பதைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

மாரிசெல்வி தள்ளி நின்று பார்த்தாள். சந்தோஷத்தில் அழுகை வந்தது, வெங்காயத்தின் மேல் பழி போட்டுக்கொள்ள வசதியாக இருந்தது. அப்போதுதான் கண்ணில் பட்டது. கிளியம்மாளின் படத்தில், கீழ் மூலையில், மங்கலாகப் பெருவிரல் தடம். அத்தனை பேர் பார்க்கிற சுவரில். ஒரு துணி நுனி போதும், ஒரே ஒற்று. கூட்டம் விலகியதும் படத்தருகே போனாள். கை தானாக உயர்ந்தது.

கிளியம்மாள் பின்னால் வந்து நின்றார். "இன்னா டீச்சர், தொடைக்கணுமா?"

மாரிசெல்வி கையை இறக்கி, புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"தொட்டீகன்னா பாருங்க" என்றாள். "அது இருக்கட்டும்க்கா. கையெழுத்து அது."